என்றால் சரிதான்

சாட்சி காளியண்ணன், காளியண்ணன், காளியண்ணன் என்று
டவாலி மூன்று முறை கூப்பிட்டபோது
என் நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது.
அது சோப்புக்குப் போகாது.

இன்சூரன்ஸ் வக்கீலுக்கு என் மகன் வயது.
நல்ல மாதிரிதான் பேசினார்.
காரணம்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கிறீர்களா?
ஆமாங்க.
இறந்துபோன சென்னியப்பனைத் தெரியுமா?
தெரியுங்க. தறிக்குப் போற வண்டி,
வாரம் ஒருக்கா காத்தடிக்க வரும்.
வண்டியைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்டேன்.
ரெண்டும் ஒண்ணாத்தான் வருமுங்க.
யாரோ சிரித்தார்கள்.

சம்பவத்தன்று அந்தச் சைக்கிளில் டைனமோ இல்லை என்றால் சரிதானே?

கார்த்திகையில் அவரே கொண்டுவந்து
கழற்றச் சொன்னது அது.
பன்னிரண்டு மணி நேரம் தறியோரம் நின்ற கால்.
சாமளாபுரம் ரோட்டில் எதிர்காற்று.
டயரில் அது உரசுனா
பின்னால ஆள் உக்காந்த மாதிரி கனக்குதுங்கண்ணா என்றார்.
ஸ்பேனர் பிடித்தது நான்.
இன்னமும் கடையில் இருக்கிறது,
பழைய டியூப் தொங்கும் ஆணிக்குக் கீழே
பிஸ்கட் டப்பாவில்.

இதைச் சொல்ல வாயெடுத்தேன்.
கேட்டதற்கு மட்டும் பதில் என்றார்கள்.

இல்லைங்க.

இல்லைதான். ஆனா காரு பின்னாலிருந்துங்க வந்தது.
டைனமோ லைட்டு முன்னால எரியறது.
முதுகில ஏறுறவனுக்கு
முன்னால போற வெளிச்சம் எப்படிங்க தெரியும்?
பின் மட்கார்டுல சிவப்புச் சில்லு
நானே ஒட்டினது. காசு வாங்கலை.

டைப் அடிக்கும் பெண் கையை நிறுத்தி நிமிர்ந்தாள்.
நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார்.
மகஜரில் சில்லு பற்றி ஏதும் இல்லையே என்றார் வக்கீல்.
பிறகு நீதிபதி சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்:
சம்பவத்தன்று மேற்படி சைக்கிளில் விளக்கு இல்லை என்றால் சரிதான்.

பழனாத்தாளின் வக்கீலுக்கு அன்று வேறு கோர்ட்டில் கேஸ்.
ஜூனியர் பையன் எழுந்து
குறுக்கு விசாரணை இல்லை என்று உட்கார்ந்தான்.
படித்துக் காட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.
அதில் ஒரு பொய்யும் இல்லை.

கார்க்காரரை ஒருநாளும் பார்க்கவில்லை.
அவர் வரத் தேவையில்லையாம்.

ஆவணியில் தீர்ப்பு.
ஓட்டியவர் மேல் எண்பது, செத்தவர் மேல் இருபது.
அந்த இருபது, மூன்று லட்சத்து முப்பத்தாறாயிரம்.
டைனமோ புதிதாகவே முந்நூற்றைம்பதுதான் விற்கிறது.
பெரிய பிள்ளை காலேஜுக்குப் பணம் கட்டவேண்டும் என்று
பேக்கரியில் யாரோ பேசிக்கொண்டார்கள்.
நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

நேற்றுப் பொழுதோட அவள் அதைத் தள்ளிக்கொண்டு வந்தாள்,
ஸ்டேஷனில் விட்டுவிட்டார்களாம்.
பின்சக்கரம் எட்டாக வளைந்து, உருளாமல்
பாதித் தூரம் தூக்கியே வந்திருக்கிறாள்.
சீட்டுக்கடியில் வேப்பம்பூச் சருகு.
பாரில் சாக்கட்டியில் குற்ற எண்.

இரும்புக்கடையில போட்டா என்னங்க கிடைக்கும்?

பதில் சொல்லாமல் உட்கார்ந்தேன்.
மட்கார்டு மடிந்து உள்ளே சுருண்டிருந்தது.
இடுக்கி கொண்டு மெதுவாகப் பிரித்தேன்.
மடிப்புக்குள்ளே பாதிச் சில்லு, என் பசையோடு.
ரோட்டில் ஒரு கார் திரும்பியது.
சில்லு எரிந்து அணைந்தது. அவளும் பார்த்தாள்.

தீர்ப்பாகி நாற்பது நாள்.
அப்பீலுக்குத் தொண்ணூறு என்று ஜூனியர் பையன் சொன்ன ஞாபகம்.

இரும்புக்கடைக்கு வேண்டாமுங்க, என்றேன்.
இங்கயே நிக்கட்டும்.