ஐந்தாவது சட்டை

டர்பனில், அறுபத்தாறில்,
பெயர் வைத்துவிட்டுத்தான் ஆள் தேடினார்கள்:
தி பிரைட்டன் ஃபைவ்.
பிரைட்டன் இரண்டு உண்டு. ஒன்று இங்கிலாந்தில்.
மற்றது பிளஃப் மேட்டுக்கு அப்பால், நம் பஸ் போகாத இடத்தில்,
வெள்ளையர் மட்டும் என்று பலகை நட்ட மணல்.
இரண்டிலும் கால் வைக்காத நான்கு பேர்
தங்களை ஐந்து என்று சொல்லிக்கொண்டார்கள்.

நான் சட்டை தைத்தவள்.
கிரே தெருவுக்குப் பின்னால் கோட்டுத் தொழிற்சாலையில்
லைனிங் பிரிவு. மிஞ்சிய சாட்டின், ஈரல் நிறம்,
சாப்பாட்டு டப்பாவில் மடித்து மடித்துப்
பதினோரு நாளில் வெளியே போய்
வெட்டுண்டு திரும்ப உள்ளே வந்தது.
தைத்தது அங்கேயே, மதிய மணி அடித்தபின்
கிடைத்த இருபது இருபது நிமிடங்களில்.
கைமுனையில் இரட்டைத் தையல், வெள்ளை நூல்;
சிவப்பு நூல் சூப்பர்வைசர் கணக்கில் இருந்தது.

முதலில் பூபால் பாடினான். நடாஸ் லீட்.
நடாஸின் மச்சான் டெரன்ஸ் பாஸ்.
டிரம்ஸுக்கு வென்ட்வொர்த்திலிருந்து கிளைவ்.
லண்டனிலிருந்து கப்பலில் வந்த தட்டுகளை
ஊசி தேயக் கேட்டுக் கேட்டு,
வார்த்தை பிடிபடாத இடங்களில் பூபால்
காவடிக்குக் கேட்ட இழுவையை இட்டு நிரப்பினான்.
ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

மாகசின் பேரக்ஸை இடித்தபோது
டெரன்ஸ் வீட்டுக்குச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு நம்பர் கிடைத்தது.
கடைசி பஸ் எட்டே முக்கால். ஒத்திகை எட்டுக்கு.
சண்டை ஒன்றும் இல்லை, பஸ்தான்.
அவன் சட்டையை அரை அங்குலம் பிடித்து
ரங்கனுக்குக் கொடுத்தேன். மூன்று மாதம்.
ரங்கன் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து
கிட்டாரோடு போய்விட்டான்.
அது டெரன்ஸின் கிட்டார்.

ஒரு ஹாலின் அனுமதிச் சீட்டில்
இந்தியர் என்று போட்டிருந்தது.
கிளைவ் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அடித்தான்.
முன்னால், கிளைவின் சட்டையில்,
பூபாலின் தம்பி குச்சிகளை ஆட்டினான்.
கைதட்டியபோது எழுந்து குனிந்தவனும் தம்பிதான்.
அடுத்த வாரம் கிளைவ் சட்டையைத் துவைத்து
இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் சுற்றி
என் கையில் திருப்பிக் கொடுத்தான்.
இன்னும் ஏதாவது சொல்வான் என்று நின்றேன்.

ஐந்தாவது சட்டைக்கு ஆளே தங்கவில்லை.
ஆர்கனுக்கு வந்த ஒருவனுக்குச் சர்க்கரை ஆலையில் இரவு ஷிப்ட்.
ஒருவன் நன்றாக வாசித்தான்;
அதனால் நடாஸுக்குப் பிடிக்கவில்லை.
டோங்காட்டில் ஒரு கல்யாணம், சனிக்கிழமை,
நானே போட்டுக்கொண்டேன். டாம்பரின்.
தோளில் தொளதொள என்று கிடந்தது,
யார் வருவாரோ என்று அதை மட்டும் நான் பிடிக்கவில்லை.
பெண்வீட்டார் கேட்ட சினிமாப் பாட்டு இரண்டு பாடி
மூன்றாவதுக்கு நடாஸ் ஆம்ப்பை முழுக்கத் திருகினான்.
மாப்பிள்ளையின் தகப்பனார் பிளக்கைப் பிடுங்கும்வரை
நாங்கள் ஐந்து பேர்.

அறுபத்தொன்பதில் நடாஸ் கப்பலேறினான், சவுத்தாம்ப்டனுக்கு.
தன்னுடையது இருக்க, அந்தத் தொளதொளச் சட்டையை
ஏன் கேட்டு வாங்கினான் என்று நான் கேட்கவில்லை.
பர்மிங்காமில் ஒரு குழு. பெயர் சொன்னாலும் தெரியாது.
அங்கேயும் ஆள் மாறிக்கொண்டே இருந்தார்களாம்.
ரிதம் கிட்டார்க்காரன் மஞ்சள்காமாலையில் படுக்க
இவன் ஏழு வாரம்.
பிறகு அவன் தேறிவிட்டான்.

கடிதத்தோடு ஒரு பத்திரிகைத் துண்டு.
நான்கு வெள்ளைப் பையன்கள். கீழே நான்கு பெயர்கள்.
வலது ஓரத்தில், படம் வெட்டுப்பட்ட இடத்தில்,
கிட்டாரின் கழுத்தும் ஒரு மணிக்கட்டும்.
கறுப்பு வெள்ளையில் ஈரல் நிறம் தெரியாது.
கைமுனையில் இரண்டு வெள்ளைக் கோடுகள் மட்டும்
சுத்தமாக விழுந்திருந்தன.
ஒன்று கொஞ்சம் கோணல்.
அன்றைக்கு சூப்பர்வைசர் சீக்கிரம் வந்துவிட்டார்.