வெள்ளைக் கோடு மேலே

நாற்பது கிலோ வெங்காயம், ஆறு பெட்டி முட்டை,
பச்சை மிளகாய் தனியாக.
ஏற்றிய பில்லுக்குப் பணமில்லை என்றான் கேப்டன்.
சாக்கில் சுற்றித் தந்தான் கறுத்த புட்டி ஒன்று.
தோளில் சுண்ணாம்பு இழுத்த மாதிரி வெள்ளைக் கோடு.
"படுக்க வை. கோடு எப்போதும் மேலே.
இருபது வருஷம் தொடாதே."

தொடாதே என்று சொல்லி
என் கையில் எவனும் சரக்கு தந்ததில்லை அதுவரை.

பிறகு பிடித்தது பைத்தியம்.
ஒப்போர்ட்டோ வழியாக வந்த கப்பல் எது,
எந்தச் சமையற்காரன் கடனாளி,
எந்த வருஷத்துத் திராட்சைக்கு நல்ல வெயில்,
கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.
பெரம்பூரில் ஒரு ரயில்வே கார்டு வீட்டுச் சாமான் ஏலத்தில்
தையல் மிஷினோடு சேர்த்து ஒன்று வந்தது.
தையல் மிஷினை விற்றேன்.
மொத்தம் ஏழு.

"குடிக்கவும் மாட்டே, விக்கவும் மாட்டே,
இதுக்குப் பேரு இன்னா?" என்றாள் ஜெசிந்தா.
பெயர் தெரியவில்லை எனக்கும்.

ராயபுரத்து மே மாதம்
சுவரே வியர்க்கும்; ஒயின் என்ன செய்யும்.
காசிமேட்டில் செலஸ்டினின் ஐஸ் பேக்டரி.
ஐஸ் அறைக்குள் வைத்தால் உறைந்து சாகும்.
வெளியே வைத்தால் வெந்து சாகும்.
இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்,
குளிர் கசிகிற சுவர்,
அதை ஒட்டி உமி மூட்டை, அதில் ஏழு பேரும் படுத்தார்கள்.
செலஸ்டின் குடிக்கமாட்டான். வாடகையும் கேட்கமாட்டான்.
வஞ்சிரம் விலையைப் பற்றி மட்டும் பேசுவான்.

அந்த டிசம்பர் புயலில்
டீசல் மிதக்கும் தண்ணீர் இடுப்புவரை ஏறியது.
மூன்றாம் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது
லேபிள்கள் இல்லை. ஒன்றுகூட.
எந்தப் புட்டிக்கு எந்த வருஷம், இனி தெரியாது.
ஆனால் உப்பு மூட்டைகளை அடுக்கி, அதன் உச்சியில்
ஏழும் படுத்திருந்தன,
ஏழு வெள்ளைக் கோடும் மேலே.
"நீதான சொன்னே" என்றான் செலஸ்டின்,
இரண்டு மோட்டார் போன மனுஷன்.

ஈஸ்டர் ராத்திரி ஒன்றைத் திறந்தோம்.
கார்க்கில் வருஷம் சுட்டிருக்கும், பார்த்துவிடலாம் என்றிருந்தேன்.
கார்க் பொடிந்தது. பத்தொன்பது கிடைத்தது,
அப்புறம் ஒரு ஏழு,
மிச்சம் புட்டிக்குள் விழுந்தது.

எம்.சி. ரோட்டில் வாங்கிய மல் துணி,
ராயப்பர் கோயில் மெழுகுவத்தி.
புட்டிக் கழுத்துக்குப் பின்னால் சுடரைப் பிடித்து
மண்டி வரும்வரை ஊற்றினேன்.
கை நடுங்கியது; மகள் கல்யாணத்தில்கூட நடுங்காத கை.

முதல் வாய் இனிப்பு, அவ்வளவுதான்.
இதற்கா என்று நினைத்தேன்.
பிறகு நாவல்பழம் நாக்கில் ஒட்டிய துவர்ப்பு.
பிறகு காய்ந்த அத்தி.
விழுங்கி வெகுநேரம் கழித்து
வெயிலில் கிடந்த தாம்புக்கயிற்றின் வாசனை,
துறைமுகத் தார்.
யாரும் பேசவில்லை. வெளியே ஒரு லாரி பின்னால் வந்துகொண்டேயிருந்தது.

"எழுவது," என்றான் கிரேன் ஓட்டும் முனிரத்தினம்.
"எழுவத்தேழு இல்ல. எழுவதுதான்."
எப்படித் தெரியும் என்றேன்.
"நான் பொறந்த வருசம்."
அதற்கு மேல் அவனிடம் ஆதாரமில்லை.
என்னிடமும்.

செலஸ்டின் டம்ளரை முகர்ந்து திருப்பித் தந்தான்.
"நம்ம பேக்டரி வாசம் இல்லியே," என்றான், நிம்மதியாக.
ஜெசிந்தா துணியில் தங்கிய மண்டியை
விரலால் வழித்து நக்கினாள்.
"இத்தப் போயி வடிகட்டினியே."

ஆறு இருக்கின்றன.
சாக்பீஸ் எடுத்துப் போனேன் ஒருநாள்,
ஞாபகத்திலிருந்து வருஷம் எழுதலாமென்று.
எழுதாமல் வந்தேன்.

மல் துணியை மூன்று தரம் துவைத்தும் கறை போகவில்லை.
கொடியில் பார்த்துவிட்டு
பக்கத்து வீட்டு மைமூன் கேட்டாள்:
"யாருக்குக்கா அடி?"