ஐந்நூற்று நாற்பது பாகம்

போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து
காய்ச்சல்காரக் குழந்தையைப் போல
என் மேசையில் கிடத்தினார் மேக்னஸ் ஸ்வான்சன்.
‘ஐரிஸ்’ படகின் சுக்கான் அறை ஜன்னல்.
படகு வெட்டுப்பட்டு எடைக்குப் போய்விட்டது.
மிச்சம் இது.

“ரொட்டி வைக்கிற அளவுக்கு வெட்டி
தட்டாக வளைத்துக் கொடு, யூனா.”

வெட்ட முடியாது என்றேன்.
கடினப்படுத்திய கண்ணாடி.
தோல் இறுகி, சதை இழுபட்டு,
அந்த உள்சண்டையின் பலத்தில்தான்
இருபத்தாறு வருஷம் வடகடலை முகத்தில் வாங்கியது.
என் வெட்டுச்சக்கரம் கொஞ்சம் ஆழமாக இறங்கினால்
மொத்தமும் கொட்டிவிடும்.

“எப்படிக் கொட்டும்?”

“கற்கண்டு கற்கண்டாய்.”

அதன் வழியாகவே பார்த்துப் பழகியவர்
அதையே பார்த்தார், வெகுநேரம்.
பிறகு கூர் உளியைக் கேட்டார்.
மூலையில் ஒரு தட்டு.
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்து
உடனே நின்றுபோன மாதிரி ஒரு சத்தம்.

*

இனி என் வேலை.
உப்பு போக வினிகரில் அலசி,
ஒட்டியிருந்த ரப்பர் பிசினை
இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி.
ஒரு துணுக்கு தப்பினாலும் கறுப்பாய்ச் சாட்சி சொல்லும்.
சூளைப் பலகைக்கு வெள்ளைப் பூச்சு,
நான்கு திசையிலும் தூரிகை ஓட்டி.
சுற்றிலும் செங்கல் அணை.
அணைக்கு உள்புறம் நார்த்தாள்,
உருகி நிற்கப்போகும் மட்டத்துக்கு மூன்று மில்லிமீட்டர் கீழே.
இல்லையென்றால் ஓரமெல்லாம் ஊசியாய் நிற்கும்.

“தட்டு இல்லை, ஒரு பாளம்தான் கிடைக்கும்” என்றேன்.
“பாளமே இருக்கட்டும்.”

அறுநூற்று எழுபதில் ஒரு மணி நேரம்,
காற்று வெளியேற.
எல்லாக் காற்றும் போகாது.
எண்ணூற்று முப்பதில் பார்வைத்துளையைத் திறந்தேன்.
கற்கண்டு பாகாகியிருந்தது,
முனைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து.

ஐந்நூற்று நாற்பதுக்கு இறக்கினேன்.
“முடிந்ததா?”
“இனிமேல்தான்.”

ஆக்கப் பொறுத்தவர்களுக்கு
ஆறப் பொறுப்பதுதான் கஷ்டம்.
உள்ளும் புறமும் ஒரே சூடாகும்வரை நான்கு மணி நேரம்.
அப்புறம் மணிக்கு ஆறு பாகை. அதற்குமேல் ஒன்றும் கூடாது.
வீட்டுக்குப் போங்கள் என்றேன். போகவில்லை.
சூளையின் சிவப்பு எண்களை
ஆழமானியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.
“ஐந்நூற்று நாற்பது பாகம்.
எங்கள் வலை அங்கே எட்டியதில்லை.”

இரவு இரண்டே காலுக்குக் காற்று
கேத்னஸ் கரை முழுவதையும் இருட்டாக்கியது.
எண் அணைந்தது.
கதவைத் தொடாதீர்கள் என்றேன்.
கல்லுக்குள் இருக்கிற சூடு காப்பாற்றினால் உண்டு.
கூடத்து வாசலில் காற்று புகும் இடுக்கில்
முதுகை வைத்து நின்றார்
பதினொரு நிமிடமும்.

வெளிச்சம் வந்தபோது ஐந்நூற்று இருபத்தொன்று.
மறுபடி ஏற்றி, மறுபடி நான்கு மணி நேரம்.

*

நான்காம் நாள் திறந்தேன்.
கரும்பச்சை. உள்ளே குமிழிகள் திரைதிரையாய்,
கிழக்கிலிருந்து வந்து துறைமுகத்தை விழுங்கும் பனிமூட்டம்.
ஓரம் வழவழப்பாக இருந்தது.
அவர் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார், பேசவில்லை.

நான் அதை இரண்டு ஒளிவடிகட்டித் தாள்களுக்கு இடையே
விளக்கின் முன் பிடித்தேன்.
எல்லாம் இருட்டு, நல்ல இருட்டு.
இடது மூலையில் மட்டும்
நகக்கண் அளவு வெள்ளை.

“இங்கே இன்னும் இழுபடுகிறது.
நாளைக்கே விரியலாம்.
முப்பது வருஷம் சும்மாவும் இருக்கலாம்.”

எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.
அந்த மூலையைப் பற்றி ஏதாவது சொல்வார்,
கடல்காரர்கள் சொல்கிற மாதிரி.

“மறுபடி சூடேற்றினால் அது போகுமா?”
“போகும். மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கினால்.
இன்னும் நாலு நாள்.”
“பனிமூட்டம்?”
“அந்தச் சூட்டுக்கு அது அசையாது.”

மேல்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.
கெண்டி எங்கே என்று கேட்டார்.
தண்ணீர் கொதிப்பதற்குள்
பாளத்தை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன்.

“பத்தொன்பது” என்றார், முதுகுக்குப் பின்னால்.
“இருபத்திரண்டு.”
சர்க்கரை எவ்வளவு என்று கேட்டதற்கும்
“இருபத்தாறு” என்றார்.