ஊதித்தான் எடுக்க வேண்டும்

துடைத்தால் கோடு விழும்.
உமிச்சாம்பலை ஊதித்தான் எடுக்க வேண்டும்,
தூங்குகிற பிள்ளை முகத்தில்
ஈ ஓட்டுவதுபோல.

அந்த வாரம் தெய்வானை ஆச்சி வீட்டில் சாந்தி.
பன்னிரண்டு எட்டுமுழ வேட்டி.
கரை பிசகாமல் தேய்த்து அடுக்கிவிட்டு
டீ குடிக்கப் போனேன்.
திரும்புவதற்குள் கண்டனூர் சாலைப் பக்கமிருந்து
காற்று மாறிவிட்டது.
பன்னிரண்டும் புள்ளி புள்ளியாய்.
ஊதினேன். கண் இருட்ட ஊதினேன்.
ஏழாவது வேட்டியில் என் எச்சில் தெறித்து
ஒரு புள்ளிக்கு வால் முளைத்தது.

ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை.
துணியை எண்ணினார்கள், காசை எண்ணினார்கள்.
அடுத்த வாரம் மூட்டை வரவில்லை.

மில்லில்தான் என் கொழுந்தன் வேல்ச்சாமி நெல் அவிக்கிறான்.
தெருவில் பாதி வீட்டுக்குச் சனிக்கிழமைச் சம்பளம்
அந்தப் புகைக்கூண்டின் காலடியில்.
சோறு போடுற இடம் மதினி, என்றான்.
சோத்துலயும்தான் விழுது, என்றேன்.
அதன்பிறகு என் வீட்டில் அவன் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை, சிவகங்கை பஸ்.
மனு எழுதுகிறவர் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு
'மிகவும் தாழ்மையுடன்' என்று ஆரம்பித்தார்.
தாழ்மையை எடுத்துருங்க,
அந்த இடத்துல நாள், மணி, காத்து வந்த திக்கு எழுதுங்க என்றேன்.
அதுக்கெல்லாம் கட்டம் கிடையாதும்மா என்றார்.
ஒன்பது இலக்கத்தில் ஒரு சீட்டு கொடுத்தார்கள்.
என் செல் நம்பரைக் கேட்டால் யோசிப்பேன்,
அதைத் தூக்கத்திலும் சொல்வேன்.

நாற்பத்தொரு நாள் கழித்துப் பதில்:
மனுதாரர் தமது சலவை வண்டியில்
கரி எரித்து வருவது தெரியவருகிறது.
எனவே மேற்படி துகள்கள்...
மேற்படிக்கு மேல் படிக்கவில்லை. சிரிப்பு வந்துவிட்டது.
பொய்யில்லையே.
என் பெட்டிக்குள்ளும் சிரட்டைக் கரி கனன்றுகொண்டுதான் இருந்தது.

பெட்டியை அணைத்தேன்.
மூன்று நாள். கூலியில்லாத மூன்று நாள்.
பழைய வேட்டி ஒன்றை எட்டாய்க் கிழித்து
எட்டு வீட்டுக் கொடியில் போட்டேன்.
பேங்க் கேஷியர் மாடி,
பள்ளிவாசலுக்குப் பின்னால் ஜைனம்பு அக்கா முற்றம்.
பால்வாடி டீச்சர் தானே வந்து ஒரு துண்டு கேட்டாள்,
பிள்ளைகள் கண்ணைக் கசக்குதுங்க என்று.
ஒவ்வொரு மூலையிலும்
சேங்கொட்டை மையால் ஒரு குறி.
யார் வீட்டுத் துணி என்று சொல்ல
என் மாமியார் வழி வந்த குறிதான்.
இப்போது அது வேறொன்றும் சொன்னது.

எட்டையும் பார்த்துவிட்டு வாரியத்திலிருந்து வந்தார்கள்.
அவர்கள் வரும் செய்தி அவர்களுக்கு முன்னால் வந்திருந்தது.
புகைக்கூண்டு வாய்மூடி நின்றது,
கல்யாணப் பெண்ணைப்போல.
உதவிப் பொறியாளர் அருள்மேரி
அண்ணாந்து பார்த்தாள், தன் கைக்குட்டையைப் பார்த்தாள்,
என் மனுவின் முதுகில் ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தாள்.
எரியும்போது கூப்பிடுங்க. எந்நேரமானாலும்.

எரியும்போது எனக்கு எப்படித் தெரியும்?
ராத்திரியில் கறுப்பு, கறுப்பிலேயே விழுகிறது.

நான்காம் நாள், ஒன்று நாற்பதுக்கு
என் போன் ஒரே ஒரு தடவை அடித்து நின்றது.
வேல்ச்சாமி.
திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.
கதவைத் திறந்து கையை நீட்டினேன்.
உள்ளங்கையில் மெத்தென்று ஒன்று.

அப்புறம் பதினொரு மிஸ்டுகால்.
பதினொன்றையும் நோட்டில் எழுதினேன், அவன் பேரை எழுதவில்லை.
ஒன்பதாவதுக்கு ஜீப் வந்தது.
நோட்டீஸ் ஒட்டினார்கள், மழை கிழித்தது, மறுபடி ஒட்டினார்கள்.
ஏதோ வடிகட்டி மாட்டியிருக்கிறார்களாம்.
சாம்பல் மேட்டுக்குப் பச்சை வலை.
ஐந்து பேரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.
அவன் அதில் இல்லை. இருந்திருக்கலாம்.
அந்த ஐந்து வீட்டுத் துணிக்கு நான் காசு வாங்குவதில்லை,
அது அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

நேற்று ஆச்சி வீட்டிலிருந்து ஆறு வேட்டி வந்தது.
மூன்றாவதை விரித்தபோது,
கரைக்குப் பக்கத்தில், கடுகளவு.

வாயைக் குவித்தேன்.
ஊதுவதற்கு முன்னால்
மணி பார்த்தேன்.