கண் விடாத வேர்

மச்சான் இன்னாசி கப்பலில் சமையல்காரன்.
ராட்டர்டாம் சந்தையில் வாங்கினானாம்:
பாலித்தீன் பையில் மரத்தூள், அதற்குள் ஒரு கிழங்கு,
அட்டையில் படம்.
முட்டைக்கோஸ் பருமனுக்கு ஒரு ரோஸ் நிறப் பூ.
பெயர் பியோனி.

வருகிற வழியிலேயே உடைந்திருந்தது.
சிவந்த கண்கள் இருந்த தலைப்பாகம்
செலினின் பெரம்பூர் அக்காவுக்குப் போனது.
சித்திரையைத் தாங்கவில்லை.
தொட்டியைக் கவிழ்த்தபோது கஞ்சியாக ஒழுகிற்றாம்.
எனக்கு வந்தவை மூன்று துண்டுகள்,
விரல் நீளம், மொட்டை,
ஒன்றிலும் கண் இல்லை.
"கண்ணில்லாதது எங்க மொளைக்கும்,
தூக்கிப் போடு" என்றாள் செலின்.

அட்டையின் பின்புறம் ஒரு வெப்பமானி,
அதன் தலையில் பனித்துகள் வரைந்திருந்தது.
குளிர்காலம் கேட்கிற செடி.
காசிமேட்டில் அப்படி ஒன்று இருந்தால்
அது எங்கள் ஐஸ் கம்பெனியில்தான்,
பார் கணக்கில் விற்கிறோம்.
இரவு ஷிப்டில் கம்ப்ரஸர் என் பொறுப்பு.

தெர்மாகோல் மீன்பெட்டி, அடியில் ஆணியால் ஓட்டை.
கொருக்குப்பேட்டையில் வாங்கின செம்மண், கொஞ்சம் ஆற்றுமணல்.
கடல்மணல் ஆகாது, உப்பு.
எந்தப் பக்கம் தலை என்று தெரியாததால்
மூன்றையும் படுக்க வைத்தேன்.

கார்த்திகை முதல் தை முடிய
ஐஸ் அறை வாசலில், வியர்க்கும் பார்களுக்குப் பக்கத்தில்.
மாசி பிறந்தால் வீட்டு மாடிப்படிக்கு அடியில்.
லோடுமேன் தயாளு கேட்டான்:
"இன்னாண்ணா இது, ஐஸ்ல வச்சிக்கீற?"
"அதுக்குத் தூங்கணும்."
"எனக்குந்தான்" என்று
பாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான்.

முதல் வருஷம் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லைதானா என்று தோண்டிப் பார்த்தேன்.
ஒரு துண்டு அழுகியிருந்தது.
மற்ற இரண்டை நகத்தால் கீறினேன்.
உள்ளே வெள்ளை, நறுக்கின முள்ளங்கியின் ஈரம்.
சாகவில்லை.
அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான் செய்தி.

இரண்டாம் வருஷம் இன்னொன்றும் போயிற்று.
மிஞ்சினதில் அடியில் மயிர் மயிராய் வேர்.
மேலே இலையில்லை, தண்டில்லை,
இருட்டில் சும்மா குடித்துக்கொண்டிருந்தது.
வெட்டுப்பட்ட விளிம்பில் மட்டும் ஒரு தடிப்பு.
என் இடது முழங்கையிலும் அப்படி ஒன்று உண்டு,
அமோனியாக் குழாய் பிய்ந்த வருஷத்தது.
பதினாறு வருஷமாக அதில் எதுவும் முளைக்கவில்லை.

அந்த ஐப்பசி மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர்.
நான் வேலையில் இருந்தேன்.
காலையில் வந்தால் பெட்டி பீரோ மேல்,
ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில்.
"யார் வைச்சது?"
"மெதந்துக்கினு வந்துச்சி" என்றாள் செலின்,
பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல்.
ஆறடி உயரப் பீரோ.

மூன்றாம் வருஷம், தடைக்காலம் தொடங்கி நாலாம் நாள்.
விசைப்படகுகள் கட்டிக்கிடந்தன, ஐஸ் கேட்க ஆளில்லை.
மெஷினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி,
முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார்.
அறுபத்தொரு நாளைக்குக் காசிமேட்டில்
குளிர்காலம் கிடையாது.
படிக்கு அடியில் தண்ணீர் தெளிக்கக் குனிந்தவன் பார்த்தேன்,
தடிப்பின் ஓரத்தில்
கோழிக்குஞ்சின் அலகு அளவுக்குச் சிவப்பு.

கண்.

கூப்பிட்டேன். செலின் வந்தாள், குனிந்தாள்,
எழுந்து போய் மூக்குக்கண்ணாடியோடு வந்து
மறுபடி குனிந்தாள்.
"பூக்குமா?"
"இப்பத்திக்கு இல்ல. இந்த வெயில்ல இருந்தாலே பெருசு."
பத்து மணி வெயில் ஏற்கெனவே
மூன்றாம் படிவரை வந்திருந்தது.

தினம் முப்பது டன் உறையவைத்தவன்
கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன்.
அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து
நெத்திலி டப்பாவை ஒதுக்கி, ட்ரேயை உருவி
எண்ணினாள். பன்னிரண்டு கட்டி.
"பகலுக்கு எட்டு, ராத்திரிக்கு நாலு" என்று
ஈரச் சாக்கை என் பக்கம் தள்ளினாள்.