பத்து நிமிடம்

முதலில் விரலிடுக்கில்.
நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையே
பென்சிலால் கீறி அழித்தது போல
சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.
பாத்திரம் கழுவும் திரவம் என்றேன்.
கையுறை என்றேன்.
வூப்பர்டால் குளிர் என்றேன்.
இரவு இரண்டு மணிக்கு மட்டும் ஏன்
கடிக்க வேண்டும் குளிர்?

முதியோர் இல்லத்தின் மூன்றாம் மாடியில்
பதினொரு பேர் சொறிந்துகொண்டிருந்தோம்.
எட்டுப் பேர் கட்டிலில், மூன்று பேர் சீருடையில்.
சொறியச் சொறிய இனிக்கிறது.
நிறுத்தினால் எரிகிறது.

தோல் வைத்தியர் உருப்பெருக்கியை வைத்துவிட்டு
நீங்களே பாருங்கள் என்றார்.
கோடு முடியும் இடத்தில் ஒரு பழுப்பு முக்கோணம்.
எட்டுக் கால். கண் இல்லை.
பெண்ணாம்.
தோண்டிப் போகும் வழியெல்லாம்
நாளுக்கு இரண்டு மூன்று முட்டை.
இந்த ஊரில் ஒரு வீடு கிடைக்க
எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனது.
அவளுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சுகாதார அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது.
கேள்வி நான்கு:
கடந்த ஆறு வாரங்களில்
உங்கள் தோல் யாருடைய தோலைத்
தொடர்ந்து பத்து நிமிடங்களுக்கு மேல் தொட்டிருந்தது?
பெயர், பிறந்த தேதி, உறவுமுறை.

எழுதினேன்:
லூடெமான், வெர்னர். உறவுமுறை: அறை 314.

முப்பத்தொரு வருடம் தொங்குரயில் ஓட்டியவர்.
இருட்டினால்
தனக்குக் கீழே ஆறு ஓடுவது ஞாபகம் வந்துவிடும்.
என் கையைப் பிடிப்பார்,
கடைசி நிறுத்தம் வரும்வரை விடமாட்டார்.
சில இரவுகளில் அது நாற்பது நிமிடம்.

இரண்டாவது வரியில் பேனை நின்றது.

எனக்குப் புருஷன் இருக்கிறார்.
பாண் தொழிற்சாலையில் அதிகாலை வேலை.
அவர் எழும்பிப்போன பள்ளத்தில்
விடிந்தபின் வந்து நான் படுப்பேன்.
ஞாயிறுகளில் இரண்டு பேரும் ஒரே மெத்தையில்.
நடுவில் சார்ஜர் வயர்.

"உங்கள் கணவருக்கும் கடிக்கிறதா?"
"இல்லை."
வைத்தியர் தாளிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.
அதற்கு அவருக்கு நன்றி.

இருந்தாலும் இருவருக்கும் களிம்பு.
கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, ஓரிடம் விடாமல்,
எட்டு மணிநேரம் கழுவாமல்.
அறுபது பாகைச் சூட்டைத் தாங்காததெல்லாம்
கறுப்புப் பையில், மூன்று நாள்.
கூறைச்சேலையையும் ஏன் கட்டுகிறாய் என்றார்.
அதை எட்டு வருடமாக ஒருத்தரும் தொடவில்லையே.
ஆம், என்றேன். கட்டினேன்.

கை, கால், வயிறு நானே பூசினேன்.
முதுகு மிஞ்சியது.
முதுகின் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம்,
எவருக்கும் தன் கை எட்டாது.

குணாளன், என்று கூப்பிட்டேன்.
பெயர் அந்த அறைக்குப் புதிதாக இருந்தது.

மா பிசைந்து பிசைந்து தடித்த கை.
முதலில் மதிலுக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல,
பிறகு மெல்ல.
"இதிலயோ கடிக்குது?"
"இல்லை, கொஞ்சம் கீழ."
கீழேயும் கடிக்கவில்லை.

பிறகு அவர் திரும்பி உட்கார்ந்தார்.
வலத் தோளில் நான் அறியாத ஒரு வடு,
போறணைத் தட்டின் விளிம்பு போல நேர்கோடாக.
எப்ப, என்றேன்.
மாசியில, என்றார்.
இது ஐப்பசி.

பொரிக்க மாத் தடவிய இரண்டு மீன்கள் மாதிரி
வெளுத்துப்போய்க் கிடந்தோம்.
ஒட்டுகிறது என்று சிரித்தார்.
எட்டு மணிநேரமும்
ஒருவரையொருவர் தொடக்கூடாதென்று
எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை.

நான் தூங்கவில்லை.
இந்நேரம் அறை 314இன் கதவில் மஞ்சள் அட்டை தொங்கும்.
முகமூடியோடு யாரோ உள்ளே போயிருப்பார்கள்,
நீலக் கையுறையை நீட்டியிருப்பார்கள்.
வெர்னர் அந்த ரப்பரைத் தடவித் தடவிப் பார்த்து
இது எந்த நிறுத்தம்
என்று கேட்டுக்கொண்டிருப்பார்.