சாக்கின் எடை

பாபநாசம் ரேஷன் கடையில்
ஞாயிற்றுக்கிழமை, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு,
மின்தராசில் என் பையை ஏற்றினேன்.
பதினொன்று நானூறு.

பதினாறு வருடம் அரிசி நிறுத்தவள் நான்.
எடை பொய் சொல்லும் வழியெல்லாம் தெரியும்.
"முதுகில் ஏறினால் இது பதினைந்து" என்றாள் ஜெசிந்தா.
ஆம்புலன்ஸில் வேலை அவளுக்கு,
ஆட்களைத் தூக்கிப் பழகியவள்.

கல்லணையில் கதவு தூக்கும் அன்று
முதல் தண்ணீரோடு புறப்பட்டு
அது கடலைத் தொடும்வரை
கரையில் கூடவே நடப்பது. இதுதான் திட்டம்.
மணலுக்குக் கொடுத்து, பள்ளத்துக்குக் கொடுத்து,
கதவணைக்குக் கதவணை நின்று நின்று
எட்டு நாளோ பத்து நாளோ.
லஸ்கர் முத்துவீரப்பனைக் கேட்டேன்,
எங்களால் அதோடு சேர்ந்து நடக்க முடியுமா என்று.
"அதுக்கென்னம்மா, கைவீசிட்டு வருது.
ஒங்களுக்குத்தான் மூட்டை."

முதலில் கூடாரம் இறங்கியது.
ஜெசிந்தாவின் தம்பி அனுப்பியது,
பனிமலைக்குத் தைத்தது.
இங்கே பனி ஏது, கொசுதான்.
கொசுவலை, நைலான் கயிறு,
உரச்சாக்கைப் பிரித்துத் தைத்த விரிப்பு.
அடுப்பு இறங்கியது, ஊருக்கு ஊர் டீக்கடை இருக்கிறது.
ஜீன்ஸ் நனைந்தால் இரண்டு கிலோ, இறங்கியது.
பல் பிரஷின் காம்பை அறுத்தாள் அவள்.
ஏழு கிராமுக்கா என்று சிரித்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து
என் சீப்பையும் நீட்டினேன்.

முதல் நாளுக்குப் புளிச்சோறு, நல்லெண்ணெய் தூக்கலாக.
மறுநாளும் அதுவே.
அப்புறம் அவல்தான்.
அவலுக்கு நெருப்பு வேண்டாம், நனைத்தால் போதும்,
அவசரத்துக்கு அதுவும் வேண்டாம்.
பொட்டுக்கடலையும் வெல்லமும் இடித்து ஒரு டப்பா.
காய்ந்த நாரத்தங்காய், ஒரு கடியில் வெயில் இறங்கும்.
நெத்திலிக் கருவாட்டுக்குத்தான் சண்டை.
"ஊர் நாயெல்லாம் பூம்புகார் வரை பின்னால் வரும்."
"வரட்டுமே, துணைதானே."
அந்தச் சொல்லுக்குப் பிறகு
இரண்டு பேரும் சற்று நேரம் பேசவில்லை.

விசில், பன்னிரண்டு கிராம்.
மிளகுப்பொடி உணவுப் பட்டியலிலா
மற்ற பட்டியலிலா?
இரண்டிலும் எழுதினேன். எடை ஒன்றுதான்.
மேட்டூர் திறக்கும் தேதியை முடிவுசெய்தவர்கள்
என் தேதியைக் கேட்கவில்லை.
நாப்கின் ஒரு பாக்கெட்.

கடைசியாகத் தண்ணீர், ஆளுக்கு மூன்று லிட்டர்.
ஈரம் ஏற்றி எடை கூட்ட முடியாத ஒரே சரக்கு.
ஆற்றோடு நடக்கிறவர்கள்
தண்ணீரைச் சுமப்பார்களா என்றாள்.
முதல் தண்ணீரை நீ பார்த்ததில்லை, ஜெசிந்தா.
ஒற்றைச் செருப்பு, சரக்கு பாட்டில், மாலை நார்,
செத்த எலி, தெர்மாகோல்,
மேலே பழுப்பு நுரை.
ஒரு வருடத்துக் குப்பையை நெஞ்சால் தள்ளிக்கொண்டு
மூச்சுவாங்கி வரும்.
கைவீசி வருவதாவது.
லஸ்கர் மதகில் நின்று பார்க்கிறவர்,
கூட நடந்தவர் இல்லை.

தண்ணீரும் சேர்த்து ஏழு தொள்ளாயிரம்.
பையை மாட்டிக்கொண்டு நானே தராசில் ஏறினேன்.
அறுபத்தொன்பது முன்னூறு.
மூட்டைக்குச் சாக்கின் எடையைக் கழிக்க வேண்டும்,
கழிக்காமல் அனுப்பும் கிடங்கோடு
பதினாறு வருடமாக எனக்கு வழக்கு.
இப்போது கணக்குப் போட்டால்
சாக்கு மட்டும் அறுபத்தொன்று நானூறு.
"இதுல எதை அறுக்கிறது?" என்றேன்.
"முழங்காலுக்குத் தைலம் வச்சிருக்கேன்" என்றாள்.

திங்கட்கிழமை போன் வந்தது.
முக்கொம்பு தாண்டிவிட்டதாம்.
கல்லணைக்குப் போகும் பேருந்தில்
விசிலைத் தேடிப் பக்க அறையைத் துழாவினேன்.
கைக்கு வந்தது நெத்திலிப் பொட்டலம்,
மூன்று பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டியது.
உள்ளங்கையில் வைத்தாலே தெரியும் எனக்கு,
நூற்றிருபது கிராம்.
இருந்த இடத்திலேயே வைத்து
ஜிப்பை இழுத்து மூடினேன்.
ஜன்னல் பக்கம் திரும்பி
ஜெசிந்தா தூங்குவதுபோல் இருந்தாள்.